பெரிய துரை வழி விட்ட சனிக்கிழமை

புக்கிட் பெருவாங்கில் எங்கள் அடுத்த வீட்டில் சரோஜா என்று ஒரு டீச்சர் இருக்கிறாள். போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "தாத்தா, நாப்பது பிள்ளைங்களப் படம் பார்க்க மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எல்லாம் ஏழு வயசு, எட்டு வயசு. நீங்க முன்னாடி அந்த வேலைதானே பார்த்தீங்க. எப்படி அடக்கி வச்சீங்க?" என்று கேட்டாள். "முதல்ல எல்லாருக்கும் காலைக் கழுவி விடு" என்றேன். கிழவன் கேலி செய்கிறான் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கேலி இல்லை. நான் கற்ற தொழிலின் முதல் பாடமே அதுதான். வேலி ஓரத்தில் நின்று சொல்லி முடிக்கிற சங்கதியும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலாக்கா டவுனில் ஆற்றைப் பார்த்தாற்போல ஒரு மாடி வீட்டில் படக்கூடம் ஒன்று இருந்தது. இப்போது இல்லை. பிள்ளை குட்டி இல்லாத ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி சாகும்போது வீட்டையும், சுவரில் மாட்டியிருந்த முப்பத்தொரு படங்களையும் ஊருக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை நடத்த ஒரு கமிட்டி. கமிட்டிக்குத் தலைவி, செத்துப்போனவருடைய தம்பி மனைவி. அந்த அம்மாளை எல்லோரும் துரைசானி என்றுதான் சொல்வோம். புதனும் சனியும் கதவு திறக்கும். அந்தக் கதவைத் திறக்கிறவன் நான்.

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து புல் வெட்டியவன். எழுத்தைக் கடையில் சாமான் கட்டிக்கொடுத்த காகிதத்தில் கற்றுக்கொண்டேன். டவுனுக்கு வந்து நாலைந்து இடத்தில் தண்ணீர் சுமந்து, பிறகு இந்தப் பியூன் வேலையில் ஒட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் படங்களுக்கு அடியில் அடித்திருந்த பித்தளைத் தகடுகளில் படித்தது. "அந்தி வேளையில் பசுக்கள்" என்று இங்கிலீஷில் சொல்லுவேன். "தண்ணீர் கொடு" என்று கேட்கத் தெரியாது. மனிதர் வாயிலிருந்து விழுகிற பேச்சைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் மட்டும் சின்ன வயதிலிருந்தே உண்டு. படக்கூடத்தில் அதற்குப் பஞ்சமே வந்ததில்லை.

எனக்கு மேலே இருந்தவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரைக்கும் பித்தான் போட்டிருப்பார். நெற்றியில் மூன்று கோடும் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். அவருடைய பெயர் சின்னத்துரை. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் அது அப்பா அம்மா ஆசையாக வைக்கிற பெயர். எங்கள் தோட்டத்திலோ பெரிய துரைக்கு அடுத்தபடி இருக்கிற வெள்ளைக்காரத் துரைக்குத்தான் சின்னத்துரை என்று பெயர்.

கிராணி ஐயாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. காலையில் மேற்குப் பக்கத்து ஜன்னல்கள், மத்தியானத்துக்கு மேல் கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் திறக்க வேண்டும். ஒரு நாளும் மாறக்கூடாது, வெயில் படத்தில் விழுந்தால் வர்ணம் செத்துவிடும். சட்டத்தைக் கோழி இறகால் தட்ட வேண்டும். படத்தின் மேல் இறகு படக்கூடாது, மூச்சும் படக்கூடாது. குடைக்கு ஒரு தகர வில்லை, செருப்புக்கு ஒரு தகர வில்லை. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "கை முன்னுக்கு இருந்தால் அது தொடப் பாக்கும், முனியாண்டி. அது கையின்ர குணம்" என்பார். பொய் அவருக்கு ஆகாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வந்து, ஒரு படத்தைக் காட்டி "இது அசலா?" என்று கேட்டபோது, "இல்லை, பிரதி. அதுகும் சுமாரான பிரதி" என்று சொல்லி அனுப்பினார்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை சவரிமுத்து வாத்தியார் வந்து வாசலில் நின்றார். ஜாசின் தோட்டம் ஒன்றில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, "அண்ணே, எங்க பிள்ளைங்க மாட்டுவண்டியப் பாத்திருக்குங்க, மாரியம்மன் தேரைப் பாத்திருக்குங்க. சாயம் பூசின படத்தக் கண்ணால கண்டதில்ல. ஒரு தடவ உள்ள விடுவீங்களா?" என்று கேட்டார். டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவது உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் வந்ததே இல்லை. வரக்கூடாது என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. வருவார்கள் என்று யாரும் நினைக்காததால் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

நான் ஐயாவிடம் சொன்னேன். ஐயா எழுதிக் கொடுக்கச் சொன்னார். அது கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டியில் இரண்டு கனவான்கள், வெற்றிலைச் சாறும் வெறும் காலும் தரைக்கு ஆகாது என்றார்களாம். துரைசானிதான், ஒரே ஒரு தரம் வரட்டும், நானே வந்து பார்க்கிறேன், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றாராம். ஐயா இதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"முனியாண்டி, இது நீர் கொண்டு வந்த வினை. நீர்தான் பொறுப்பு. ஒரு பிள்ளை ஒரு படத்தைத் தொட்டால் காணும், தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தக் கதவு பிறகு இல்லை. விளங்கிச்சுதோ?"

விளங்கியது.

குறித்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரப்பர் ஷீட் ஏற்றுகிற லாரி வாசலில் வந்து நின்றது. பின்பக்கப் பலகையைத் திறந்ததும் இருபத்து நான்கு பிள்ளைகள் இறங்கின. எல்லோர் தலையிலும் எண்ணெய் வழிந்தது, எல்லோர் மேலும் புகை போட்ட ரப்பர் வாசம் அடித்தது. காலில் முழங்கால் வரை செம்மண். குழாயடியில் வரிசையாக நிறுத்தி, நானும் வாத்தியாரும் தேங்காய் மட்டையால் தேய்த்தோம். நாற்பத்தெட்டுக் கால். செம்மண் போகப் போக, உள்ளே இன்னொரு நிறக் கால் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளே ஆச்சரியப்பட்டன.

ஐயா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் ஒரு பையனின் குதிகாலைத் தேய்ப்பதை நிறுத்தாமல் இருக்கவே, "காணும், காணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். வாத்தியாருக்கு அது தெரியாது. ஒரு பிள்ளையைக் காணோம் என்கிறார் என்று பதறிப் போய், மட்டையைப் போட்டுவிட்டுத் தலைகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணினால் இருபத்து நான்கு. ஐயா மறுபடியும் "அதுதான் காணும் எண்டு சொல்லுறன்" என்றார். வாத்தியார் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் நடுவில் புகுந்து சொல்லுகிற வரையில் மூன்று தடவை எண்ணி முடித்துவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் அஞ்சலை என்று ஒருத்தி. எட்டு வயதிருக்கும். முன்பல் இரண்டும் இல்லை. பள்ளிக்கூட மணிக்கு முன்னால் அம்மாவோடு போய், ரப்பர்ப் பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துக் கொடுக்கிறவள் என்று வாத்தியார் சொன்னார். அவள் ஐயாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் கையைச் சுரண்டினாள்.

"அண்ணே, இங்க சின்னத்தொரை இருப்பாரு, அவரு சொல்றபடி கேக்கணும்னு வாத்தியார் சொன்னாரு. எங்க அவரு?"

"அவர்தான்."

"இவரா? நம்ம மாதிரிக் கறுப்பா இருக்காரு?"

"ரொம்ப நாளா வெயில்ல நிக்கிறாரு" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். பின்னால் இருந்த பிள்ளைகளிடம் திரும்பி அதை அப்படியே சொன்னாள். ஐயா காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கோட்டின் மேல் பித்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாடிப்படி ஏறினோம். இரண்டிரண்டு பேராக, கை முதுகுக்குப் பின்னால். படி முடிகிற இடத்தில், எதிர்ச் சுவர் முழுக்க ஒரே படம். வீட்டைக் கொடுத்துவிட்டுப் போன அந்த முதலாளி, ஆள் உயரத்துக்கு. காக்கிக் கால்சட்டை, முழங்கால் பூட்ஸ், கையில் பிரம்பு, பக்கத்தில் நாய். செம்மண் பாதையில் நேராக நம்மைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி எழுதியிருந்தார்கள். எண்ணெய்ச் சாயத்தில் கண் அப்படியே மின்னும்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய துரை பாதையில் வந்தால் நாம் பாதையை விட்டு இறங்கி, கால்வாய் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். தோளில் துண்டு இருந்தால் கைக்கு வர வேண்டும். அவர் கடந்து போகிற வரையில் அசையக்கூடாது. பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருகிற பாடம் இது.

முதல் ஜோடி மேல்படியில் கால் வைத்தது. படத்தைப் பார்த்தது. சிவப்புக் கம்பளத்தை விட்டு இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டது. "சலாங்க தொரை." அடுத்த ஜோடியும் அப்படியே. கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபத்து நான்கு பிள்ளைகளும் இரண்டு பக்கச் சுவரிலும் பல்லி மாதிரி ஒட்டி நின்றன. கம்பளம் காலி. எல்லாவற்றுக்கும் பின்னால் சவரிமுத்து வாத்தியார் நின்றார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"வாத்தியாரே, நீங்களுமா?" என்றேன்.

அவர் துண்டைப் பார்த்தார். "கை தானா செஞ்சுடுச்சு" என்று மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

நான் பிள்ளைகளிடம், "இது படம். துணியில சாயம். வாங்க போகலாம்" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. வீரன் என்ற ஒரு பையன், "படம்னா ஏன் என்னையே பாக்குறாரு?" என்றான். அஞ்சலை சுவரோரமாகவே நகர்ந்து இந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, "எங்க போனாலும் பாக்குறாரு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"சரி, பாக்கட்டும். நாம போவோம்."

"தொரை இன்னும் போகலியே அண்ணே. அவரு போனப்புறந்தானே நாம போகணும்."

அவர் இருபது வருஷமாக அந்தச் சுவரில் நடந்துகொண்டே இருக்கிறார். போகமாட்டார். மணி பத்தே முக்கால். பதினொன்றுக்குத் துரைசானி வருவார். வந்து பார்த்தால், தோட்டத்துப் பிள்ளைகள் முதல் படத்தைக் கூடத் தாண்டாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு கனவான்கள் சொன்னதைவிட மோசமாக ஆகிவிடும். படம் பார்க்கவே தெரியாத பிள்ளைகளுக்குப் படக்கூடம் எதற்கு என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கலாமே என்றேன். துரைக்கு முதுகைக் காட்டினால் கங்காணி தோலை உரித்துவிடுவார் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

ஐயா மேலே வந்தார். "ஏன் இவையள் சுவரிலே நிக்கினம்?"

சொன்னேன். அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "வெறும் படம் எண்டு சொல்லும்."

"சொல்லியாச்சு ஐயா. தோட்டத்துல பெரிய துரையோட உத்தரவு நேரா வராது. சின்னத்துரை வழியாத்தான் வரும். அதனால..." என்று இழுத்து, அவருடைய பெயரை நினைவுபடுத்துகிற மாதிரி அவரையே பார்த்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. "நான் இந்த உத்தியோகத்துக்கு நாடகம் ஆட வரேல்லை, முனியாண்டி."

"சரிங்க ஐயா. மணி பத்து ஐம்பது."

நாடகம் ஆடுவதைவிட, சொன்ன நேரத்துக்கு ஒரு காரியம் நடக்காமல் போவது அவருக்குப் பெரிய அவமானம். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கம்பளத்தின் நடுவில் நடந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். இருபத்து நான்கு பிள்ளைகளும் கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஐயா தலையைச் சாய்த்து, படம் சொல்லுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறவர் போல நின்றார். "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி "ஓம். நல்லது" என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பெரிய துரை எல்லாரையும் பாத்திட்டாராம். பிள்ளையள் போகலாமாம்." பிள்ளைகள் காலைத் தூக்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கே ருசி தட்டிவிட்டது. "ஆனால் ஓடக்கூடாதாம். ஒண்டையும் தொடக்கூடாதாம். மூக்கு வடியிற ஆக்கள் துடைச்சுப் போட்டு வரட்டாம்."

பன்னிரண்டு மூக்காவது துடைபட்டிருக்கும். அந்த நேரத்தில்தான் படிக்கட்டில் ஒரு வைக்கோல் தொப்பி தெரிந்தது. துரைசானி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாரோ தெரியாது. ஐயாவிடம் இங்கிலீஷில், என் கணவரின் அண்ணன் என்ன சொல்லுகிறார் என்று கேட்டார். ஐயாவின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் எடுத்த வேஷத்தைக் கலைக்கவில்லை. வழக்கமான நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்திருக்கிறது என்று சொன்னார். துரைசானி தலையை ஆட்டினார். உயிரோடு இருந்தபோது அவர் ஒரு நாளும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை என்றார். ஐயா இதை எனக்குப் பிற்பாடு மொழிபெயர்த்துச் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

வழி திறந்ததும் பிள்ளைகள் மனிதர்களாகிவிட்டார்கள். நான் பொறுக்கி வைத்ததில் பாதி அன்று விழுந்ததுதான். பனி பெய்த ஊர்ப் படம் ஒன்று. "இந்த ஊர்ல கூரைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. தொரை வராரு போல" என்றான் வீரன். மேசையில் செத்த முயலும் திராட்சைக் குலையும் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "கறிய வாங்கி வச்சுட்டு மசாலா அரைக்கப் போயிட்டாங்க. பூனை இல்லாத வீடு" என்றாள். துணி இல்லாத குண்டுக் குழந்தைகள் இறக்கையோடு மேகத்தில் பறக்கிற படம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அஞ்சலை, "ஆயக்கொட்டாயிலேர்ந்து தப்பிச்சுட்டாங்க" என்றாள். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. "எறக்க மொளச்சுட்டா ஆயா எப்படிப் புடிப்பா?"

நான் ஒவ்வொன்றையும் துரைசானிக்குப் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், சொல்லிக்கொண்டு போனேன். அவருக்கு மலாய் கொஞ்சம் தெரியும். எனக்கு நிறையத் தெரியும். இடையில் வேண்டிய இடத்தில் கொஞ்சம் சர்க்கரை தூவுவேன். சிரித்துக்கொண்டே வந்தார். நமக்கு இன்று நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி அறையில், இருபத்தொன்பதாவது படம். ஒரு ரப்பர்த் தோட்டம். தலையில் துணி கட்டிய ஒரு பெண் மரத்தில் பால் வெட்டுகிறாள். அதற்கு முன்னால் வந்ததும் பிள்ளைகள் கலகலவென்று ஆகிவிட்டார்கள். "நம்ம தோட்டம்டா", "மூணாம் நம்பர்டா இது" என்று. அஞ்சலை மட்டும் படத்துக்கு நெருங்கி நின்றாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, இந்த மரத்துல பால் சரியா வராது."

"ஏன்?"

"வெட்டு தப்பு. மேல இடது பக்கம் ஆரம்பிச்சுக் கீழ வலது பக்கம் எறங்கணும். இது எதிர்ப் பக்கமா எறங்குது. மங்கு கூட அந்தப் பக்கம் கட்டியிருக்காங்க. கங்காணி பாத்தா இந்த அக்காவ ஏசியே கொன்னுடுவாரு."

நான் படத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஏழு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் கோழி இறகால் அந்தச் சட்டத்தைத் தட்டியவன் நான், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் கண்ணில் படவில்லை. அப்போது துரைசானி, குழந்தை என்ன சொல்லுகிறது என்று ஆவலாகக் கேட்டார். அவர் ஏன் அவ்வளவு ஆவலாக இருக்கிறார் என்று கீழே பித்தளைத் தகட்டைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. அந்தப் படத்தை எழுதியவர் துரைசானி.

வாத்தியார் பின்னால் நின்று, "அஞ்சலை, வாய மூடுடி" என்று உதட்டை அசைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. "சாந்தேக்" என்றேன். ரொம்ப அழகு என்று பிள்ளை சொல்லுகிறது என்று மலாயில் சொல்லிவிட்டேன். துரைசானியின் முகம் மலர்ந்தது. கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இல்லை, அம்மணி" என்று என் பின்னாலிருந்து ஒரு குரல். ஐயா. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுத்தமான இங்கிலீஷில், பிள்ளை சொன்னது ஒரு சொல் விடாமல் சொன்னார். வெட்டு எதிர்ப் பக்கம். மங்கு எதிர்ப் பக்கம். கங்காணி ஏசுவது உட்பட. எனக்குப் புரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஆனால் "தப்பு" என்பதற்கு இங்கிலீஷ் சொல் எனக்குத் தெரியும்.

துரைசானியின் முகத்தில் இருந்த மலர்ச்சி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் வாசலில் சாத்துகிற கதவின் எடையைக் கையில் உணர்ந்தேன்.

அவர் அஞ்சலை பக்கம் குனிந்து, எப்படி இருக்க வேண்டும், காட்டு என்று கையால் சைகை செய்தார். அஞ்சலை கையை முதுகிலிருந்து எடுக்கவில்லை. ஐயாவைப் பார்த்தாள்.

"தொடலாமா சின்னத்தொரை?"

அந்த மனிதர் பதினொரு வருஷமாக ஒரு விரலையும் அங்கே விட்டவர் இல்லை. படத்தைப் பார்த்தார், துரைசானியைப் பார்த்தார். "எழுதினவ தொடச் சொல்லுறா. அப்ப தொடலாம். சுண்டுவிரல் மட்டும்" என்றார்.

அஞ்சலை விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தால் அந்த மரத்தின் மேல் இடமிருந்து வலமாக மெல்ல ஒரு கோடு இறக்கினாள். பட்டையில் கத்தி போகிற அதே பதம். "இப்படி. அப்புறம் மங்கு இங்க." அவ்வளவுதான். கை மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஒரு கண்ணாடித் தகட்டு போட்டோவைப் பார்த்து எழுதினேன், தகட்டைத் திருப்பி வைத்ததில் இடம் வலமாகிவிட்டது போலிருக்கிறது என்று துரைசானி தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக ஐயா பிற்பாடு சொன்னார். அந்த அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பிள்ளைகள் லாரியில் ஏறின. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல அண்ணே, ஒரு தடவையாச்சும் பாத்துட்டோம்" என்று சொன்னார். லாரி போனதும் ஐயாவிடம் வந்த கோபத்தை எல்லாம் கொட்டினேன். அழகு என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம், கதவு திறந்திருக்குமே என்றேன்.

அவர் தகர வில்லைகளை எண் வரிசையில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "நீர் அழகு எண்டு சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வந்தும் ஒண்டுதான், வராமல் விட்டும் ஒண்டுதான். கதவு நீர் சொன்ன பொய்க்குத்தான் திறந்திருக்கும், பிள்ளைக்கு இல்லை."

எனக்கு அது அன்று ஏறவில்லை. பத்து நாள் அவரோடு வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. அதற்கிடையில் துரைசானி ஆளை அனுப்பி இருபத்தொன்பதாவது படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று மிஞ்சியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஐயா மேல் இன்னும் கொஞ்சம் கோபம் ஏறும்.

பதினோராம் நாள் கமிட்டி கூடிக் கலைந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நான் தகட்டு இங்கிலீஷால் தட்டுத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"மாசம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். அடுத்த மாசம் தொடங்குது. இரண்டு நிபந்தனை. படத்திலே என்ன பிழை எண்டு பிள்ளையள் சொன்னால் அதைச் சொன்னபடி எழுதிக் கொடுக்க வேணும். அது ஒண்டு."

"மற்றது?"

"உம்மட மொழிபெயர்ப்பு வேண்டாமாம்."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் சிரித்து நான் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் எத்தனையோ லாரிகள் வந்தன. எத்தனையோ கால்களைக் கழுவினேன். கடற்கரை மலாய்க் கிராமங்களான கம்போங்குகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். படகுப் படத்தைப் பார்த்து, வலையை இப்படி உலர்த்தினால் எலி தின்றுவிடும் என்றார்கள். சொன்னபடியே எழுதிக் கொடுத்தோம்.

அஞ்சலையின் பள்ளிக்கூடம் இரண்டாவது முறை வந்தது ஏழெட்டு மாதம் கழித்து. அதற்கு முந்தின நாள்தான் இருபத்தொன்பதாவது படம் சுவருக்குத் திரும்பியிருந்தது. துரைசானி அன்று காலையிலேயே வந்து, கடைசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து சேர முக்கால் மணி ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்த அம்மாள் கையில் இருந்த விசிறியை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் சுவரோரமாக நின்றேன்.

அஞ்சலைக்கு முன்பல் முளைத்திருந்தது. படத்துக்கு நேராக வந்து நின்றாள். வெட்டு இடமிருந்து வலமாக, அவள் நகத்தால் இழுத்த அதே சரிவில் இறங்கியிருந்தது. மங்கு சரியான பக்கத்தில் இருந்தது. பால் கோடு ஒன்று வெள்ளையாக மின்னியது.

"வெட்டு சரி" என்றாள். ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானி விசிறியை மடக்கி மடியில் வைத்தார்.

அஞ்சலை நகரவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"ஆனா இந்த அக்காவோட நெழலு காலுக்கடியில கெடக்கு. உச்சி வெயிலு. இந்நேரத்துல யாரு பால் வெட்டுவா? பால் ஸ்டோருல ஊத்திட்டு வீட்டுக்குப் போயி ஒலை வச்சிருப்பாங்க."

ஐயா ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. உலை வைப்பது உட்பட. துரைசானி எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய், அந்தப் பெண்ணின் காலடியில் குட்டியாகக் கிடந்த நிழலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

யாரும் சொல்லாமலே, படத்தை மறுபடி இறக்க நான் ஏணி எடுத்துவரப் போனேன்.